அடியிலிருந்து ஆரம்பிப்பவள்

டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஆர்லிஸ் தண்ணீர்க் குழாயை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். கம்பளிச் சட்டையில் ஏறியிருக்கும் மின்சாரம் குழாய் வழியே இறங்கிப் போகட்டும் என்று. பிறகு பழைய பூட்ஸ் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். துணி துவைக்கும் அறையின் கதவைச் சாத்துவாள். பூனை வெளியே, காப்பி வெளியே, போன் வெளியே. அதன் பிறகுதான் டப்பாவிலிருந்து பிரைமர்கள் பள்ளம் பள்ளமாக வரி ஓடிய பிளாஸ்டிக் தட்டில் விழும். தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, அரிசியில் கல் பார்ப்பவளைப் போல மெதுவாக ஆட்டுவாள். குப்புறக் கிடப்பவை ஒவ்வொன்றாகப் புரண்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கும்.

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒரு வெள்ளிப் பொட்டு இருக்கும். அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி பறக்கும், பொறி மருந்தைப் பற்றவைக்கும், மருந்து குண்டைத் தள்ளும். சுட்டு முடித்த கூட்டை இந்தப் பக்கத்து ஆட்கள் தூக்கி எறிவதில்லை. பழைய பொட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா ஆகிவிடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஆல்டர் ஃபோர்க் என்ற இந்த ஊரில் பாதி வீடுகளில் இந்த வேலை நடக்கிறது. அந்த வீடுகளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கூப்பிடுவது ஆர்லிஸைத்தான்.

பகலில் அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போடுவாள், இறைச்சிக் குழம்பு ஊற்றுவாள், காய்கறியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பவனை வாசல்வரை கண்ணாலேயே துரத்துவாள். கழுவி வைத்த கோப்பைகளின் அடியைக் கட்டைவிரலால் தடவி விரிசல் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் அதே கட்டைவிரல் பித்தளைக் கூடுகளின் அடியைத் தடவும். பொட்டு துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மேடு கூட அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு இருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே வகைப் பிரைமர்தான் இருக்கலாம். டப்பாவை விட்டு வெளியே வந்துவிட்டால் எது சாது, எது காரம் என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே முகம். பெயர் தெரியாமல் தரையில் ஒன்று கிடந்தாலும் அதை எடுத்து மறுபடி டப்பாவில் போடமாட்டாள். "யாரு பெத்த பிள்ளைன்னு தெரியாம வீட்டுக்குள்ள சேர்க்கறதில்ல" என்பாள்.

கடைகளில் பிரைமர் அலமாரி வெறிச்சென்று கிடந்த காலம் வந்தபோதுதான் அவளுக்கு நிம்மதி போயிற்று. விரும்பிய வகை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, இதற்குப் பதில் அதைப் போடலாமா என்று ஊரே கேட்டது. சர்ச்சில் காப்பி ஊற்றும்போது கேட்டார்கள், பெட்ரோல் போடும்போது கேட்டார்கள். ஒரு துக்க வீட்டுச் சாப்பாட்டில், பன்றி இறைச்சி சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில், அவள் கணவனின் தம்பி லோவெல் கோட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினான்.

"அண்ணி, காரமான மேக்னம் பிரைமர் எங்கயுமே இல்ல. சாதாதான் இருக்கு. போட்டுக்கலாமா?"

"என்ன மருந்து?"

"அதே மருந்துதான்."

"எவ்வளவு?"

"அதே அளவுதான்."

"அப்ப போடாதே."

"ஏன்? எல்லாம் ஒரே பொட்டுதானே?"

"கேக்குல சோடா உப்புக்குப் பதிலா பேக்கிங் பவுடர் போடறேன்னு வையி. போடலாம். அதே கரண்டியிலயா போடுவே?"

"நான் எங்க கேக் பண்றேன்?"

"அது தெரியுது. உனக்குத் திங்க மட்டும்தான் வரும். ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மறந்துடு. அடியிலேர்ந்து ஆரம்பி."

யார் எதைக் கேட்டாலும் அவள் பதில் அங்கேதான் வந்து நிற்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் மிகக் குறைந்த மருந்து அளவுக்கு இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்து, துப்பாக்கிக்கு எது பிடிக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். சாதுவான பிரைமர் இருந்த இடத்தில் காரமானதை வைத்து, மருந்தைக் குறைக்காமல் விட்டால் அழுத்தம் எகிறிவிடும். மறுபக்கமும் ஆபத்துதான். மெதுவாகப் பற்றும் மருந்துக்குச் சாதுவானதை வைத்தால், மலைக்குளிரில் ஊசி குத்தும், ஒன்றும் நடக்காது. என்ன ஆயிற்று என்று ஆள் அவசரப்பட்டுத் திறக்கும் நேரத்தில் வெடிக்கும். இதை நம்பாதவர்களிடம் ஆர்லிஸ் வாதாடமாட்டாள். தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவருக்கு இடது புருவம் கிடையாது. "போய் அவரைப் பார்த்துட்டு வா" என்பாள்.

மேசைக்கு மேலே சுவர் முழுக்க அவள் போட்டு வைத்த ஜாடிகள் இருக்கும். பீச், பச்சை பீன்ஸ், தக்காளி, எல்லாவற்றுக்கும் மேல் தட்டில் பீட்ரூட் ஊறுகாய். மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசாக நீல ரிப்பன் வாங்கிய பீட்ரூட் அது. ஊரே புகழ்கிற அந்த ஊறுகாயை அவள் கணவன் டெல்மர் மட்டும் தொடமாட்டான். கல்யாணமான புதிதில் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "மண்ணைச் சர்க்கரைப் பாகுல ஊற வச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவன். அதோடு சரி. அந்தத் தட்டுப் பக்கம் அவன் கை நீண்டதே இல்லை.

டெல்மர் கோதுமை விவசாயி. கொஞ்சம் மாடுகளும் உண்டு. பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு அவன் சொல்கிற வார்த்தைகளில் பாதி "ம்" என்பதாகவே இருக்கும். மலையில் எல்க் மானைத் தேடி நடக்கும்போது மட்டும்தான் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கணவனும் மனைவியுமாக மலை ஏறுவார்கள். தோட்டா அவளுடையது, சுடுவது அவன். துப்பாக்கி பெரியது, சுட்டதும் தோளில் விழும் உதை பலமானது. ஆர்லிஸுக்கு அந்தத் துப்பாக்கிமேல் கொஞ்சம் பொறாமை உண்டு என்று லோவெல் கேலி செய்வான். தன்னைவிட அதைத்தான் அவன் அதிகம் துடைக்கிறான் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

டெல்மர் தானியக் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து, அவன் வலது தோளை அறுத்துத் தைத்த வருஷம், எல்லாம் கெட்டது. டாக்டர் சரியாகிவிட்டது என்றார். தோளுக்குத்தான் சரியாகியிருந்தது. சீசன் வந்ததும் மலை ஏறினார்கள், நல்ல எல்க் ஒன்று நின்றது, டெல்மர் சுட்டான், குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. மான் விழவில்லை. பனியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள், ஓடையைத் தாண்டிப் போனார்கள், காற்று வந்து பனியைப் புரட்டி எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. மறுநாள் டெல்மர் தனியாகப் போனான். அதற்கு மறுநாளும் போனான். கிடைக்கவில்லை. ஒரு மிருகத்தை வலியோடு அலையவிட்டுவிட்டு வீட்டில் வந்து சாப்பிட உட்காருவதைவிடப் பெரிய அவமானம் இந்த ஊர் வேட்டைக்காரனுக்கு இல்லை.

"கிழவனுக்குக் கண்ணு போச்சா, இல்ல கையா?" என்று லோவெல் எல்லோர் முன்னாலும் கேட்டான். டெல்மர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து அலமாரிக் கதவைச் சாத்தினான்.

"போதும்" என்றான் ஆர்லிஸிடம்.

"போதும்னா?"

"போதும்னா போதும்தான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை ஆர்லிஸால் தாங்க முடிந்தது. வசந்தத்தில் தொலைநோக்கியையும் உறையில் போட்டு மூடினான். அதைத்தான் தாங்க முடியவில்லை. மனுஷன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிறானே என்று பள்ளிக்கூடச் சமையலறையில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைச் சோதிக்க வழியும் தெரிந்தது. "பழைய தோட்டா மிச்சம் கிடக்கு. எனக்குக் காலிக் கூடு வேணும். சுட்டுக் குடு" என்று நச்சரித்து அவனை ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்கு அழைத்துப் போனாள். தோட்டாவை ஒவ்வொன்றாக அவளே எடுத்துக் கொடுத்தாள். நடுவில், ஏற்கனவே சுட்ட பொட்டோடு மருந்தே இல்லாத வெத்துத் தோட்டா ஒன்றையும் கலந்து கொடுத்தாள். டெல்மர் குறி பார்த்தான், விசையை இழுத்தான். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, பிரசங்கத்தின் நடுவே தூங்கி விழுகிறவன் தலைபோலச் சட்டென்று கீழே சாய்ந்தது. கண் இறுக்க மூடியிருந்தது. உதைக்கு முன்னாலேயே உதைக்குப் பயந்து, உடம்பு தானாகச் செய்கிற வேலை. தோள் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை.

டெல்மர் துப்பாக்கியின் பூட்டைத் திறந்தான். தோட்டா ஜல்லியில் விழுந்தது. முட்டி வலிக்காரியான ஆர்லிஸ் எப்படித்தான் அத்தனை வேகமாகக் குனிந்தாளோ, அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பிரைமர் செத்துப்போச்சு" என்றாள்.

"குடு, பாக்கலாம்."

"பார்க்க ஒண்ணுமில்ல. இந்த வகையே சரியில்ல. மாத்தணும். இனி கிடைக்கவும் கிடைக்காது."

டெல்மர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ம்" என்றான்.

பிரைமர் விஷயத்தில் ஊருக்கெல்லாம் உண்மை பேசுகிறவள், பிரைமரை வைத்தே புருஷனிடம் பொய் சொன்னாள். பாவம், அந்தப் பிரைமர் என்ன செய்தது? நல்ல மேக்னம் பிரைமர் இரண்டு டப்பா, பிரிக்காமல், அவளிடமே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவற்றை மேல் தட்டில், பீட்ரூட் ஜாடிகளின் பின்வரிசைக்கும் பின்னால் தள்ளி வைத்தாள். டெல்மர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான்.

அவளுடைய சின்னத் துப்பாக்கியை எடுத்துப் போகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லிப் பார்த்தாள். "அதைத் தோள்ல போட்டுட்டுப் போனா லோவெல் என்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டுவான்" என்றான் டெல்மர். நியாயம்தான். லோவெல் அப்படித்தான் செய்வான். ஆகவே துப்பாக்கி மாறக் கூடாது. உதை குறைய வேண்டும். குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் டெல்மராக இருக்கக் கூடாது.

காரணம்தான் கடையெல்லாம் காலியாகக் கிடந்ததே. மேக்னம் கிடைக்கவில்லை, சாதாப் பிரைமரைத்தான் போட வேண்டும். சாதாவுக்குப் பழைய மருந்து ஒத்துவராது, சீக்கிரம் பற்றுகிற வேறு மருந்து வேண்டும். இரண்டும் மாறினால் அடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை, முதல் வார்த்தையைத் தவிர. ஆர்லிஸ் புத்தகத்தைத் திறந்து, மிகக் குறைந்த அளவைப் பார்த்து, அடியிலிருந்து ஆரம்பித்தாள். அடியிலேயே நின்றுவிட்டாள். மருந்து குறைந்தால் உதையும் குறையும். அதற்குக் கீழேயும் இறங்கவில்லை, இறங்கினால் அது வேறு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். மேலேயும் ஏறவில்லை.

மாற்றிய தோட்டாவை முதலில் சுடுவது எப்போதும் அவள்தான். தன் முகத்தை வைத்துப் பார்க்காததை இன்னொருவர் முகத்துக்குக் கொடுப்பதில்லை. பெரிய துப்பாக்கியைத் தன் தோளில் வைத்துச் சுட்டாள். யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள். அப்புறம் குளிர் கவலை வந்தது. மலையில் உறைந்து கிடக்கும்போது சாதாப் பிரைமர் கைவிட்டுவிட்டால்? தோட்டாக்களை ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஆர்லிஸ்" என்று டெல்மர் உறைபெட்டிக்குள் தலையை விட்டபடி கூப்பிட்டான். "இதை வெண்ணெய்ல வதக்கணுமா, அப்படியே திங்கலாமா?"

"அதைத் தொடாதே. காலையில சுட்டுப் பாக்கணும்."

"ஐஸ்கிரீமையா?"

காலையில் குளிரக் குளிர எடுத்துப் போய்ச் சுட்டாள். ஒன்றுகூடத் தயங்கவில்லை. வெடித்த ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பொட்டைக் கண்ணாடி வழியே பார்த்தாள். குத்திய பள்ளம் அழகாக, நடுவில், வட்டமாக இருந்தது. அதன் பிறகுதான் டெல்மரை அழைத்து வந்தாள்.

முதல் சில தோட்டாக்களுக்கு அவன் கண் மூடியது. வாரங்கள் போகப் போக, மூடுவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. பிறகு மூடவே இல்லை. ஒரு மாலை, வெத்துத் தோட்டாவை மறுபடியும் நடுவில் கலந்து கொடுத்தாள். 'டிக்' என்றது. துப்பாக்கி முனை மேசைக்கால் போல அசையாமல் நின்றது. ஆர்லிஸ் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"இதுலயும் ஒண்ணு செத்துப்போச்சு" என்றான் டெல்மர்.

"ஆயிரத்துல ஒண்ணு அப்படித்தான்."

"வெறும் பிரைமரை மாத்தினா இவ்வளவு மாறுமா?"

"மாறும்."

"ம். குண்டு கொஞ்சம் கீழ விழுது."

"அப்ப கிட்டப் போய்ச் சுடு."

"சரி."

சரி என்றான். எத்தனை தூரத்தில் இருந்து சுட்டான் என்பதையே ஊர்க்கதையாகப் பேசிக்கொள்ளும் ஆட்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன், கிட்டப் போ என்றதும் சரி என்றான். ஆர்லிஸ் அதைக் கவனிக்கவில்லை. பொய்யைக் காவல் காக்கிறவர்களுக்கு வேறு எதையும் கவனிக்க நேரம் இருக்காது.

சீசன் திறப்பதற்கு முந்தின நாள், துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வந்து கூடத்தில் நின்றது. "கடைக்குப் போறேன். சீட்டு வாங்கணும்" என்றான் டெல்மர். வேட்டைச் சீட்டு. ஆர்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கர்ட் நடத்தும் வேட்டைச் சாமான் கடையில் அன்று கால் வைக்க இடமில்லை. ஆரஞ்சு நிறச் சட்டைகளும் கையுறைகளும் குவிந்து கிடந்தன. சீட்டு கல்லாமேல் வந்தது. டெல்மர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தான். லோவெல் பின்னால் வரிசையில் நின்று, யாரிடமோ தன் போன வருஷத்து மானின் கொம்பை இரண்டு கைகளாலும் அகட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கர்ட்டின் கண் ஆர்லிஸ்மேல் பட்டது.

"ஆர்லிஸக்கா! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். கண்ணை மூடுங்க!" கல்லாவுக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்து மேலே வைத்தான். "திறங்க! உங்க பழைய மேக்னம். இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. வெளிய வச்சா ஒரு நிமிஷம் தங்காது. உங்களுக்குன்னு ஒளிச்சு வச்சேன்."

நல்ல பையன் கர்ட். நல்ல பிள்ளைகளால் வருகிற வினையை எங்கே போய்ச் சொல்வது?

"அடடா!" என்று லோவெல் தோள்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "அண்ணே, வாங்கிப் போடு! இனிமே மறுபடியும் ஆம்பளைத் தோட்டா சுடலாம். அண்ணி, என்ன முழிக்கிறீங்க? கிடைக்கலேன்னுதானே மாத்தினீங்க? அதான் கிடைச்சிருச்சே!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாங்கினால் நாளைக்கே பழைய உதை, பழைய பயம். வாங்காவிட்டால் ஏன் என்று லோவெல் கேட்பான். கேட்டுக்கொண்டே இருப்பான், விஷயம் வெளியே வரும்வரை விடமாட்டான். பெண்டாட்டி குழந்தைத் தோட்டா செய்து கொடுத்து வேட்டைக்கு அனுப்புகிறாள் என்று நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். டெல்மர் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டான். இனி என்றைக்குமே போடமாட்டான். பேனா சீட்டுக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. ஆர்லிஸ் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெல்மர் பேனாவைக் கீழே வைத்தான். டப்பாவை எடுத்தான். திருப்பி, பெயரைப் படித்தான். லோவெலின் கையைப் பிடித்து அதில் வைத்தான்.

"நீ எடுத்துக்கோ."

"நானா? உனக்கு வேணாமா?"

"ஒண்ணை மாத்தினா அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும். உனக்குத் தெரியாதா? நாளைக்கு சீசன். இவ மறுபடி அடியிலேர்ந்து ஆரம்பிச்சா நான் கிறிஸ்மஸுக்குத்தான் மலை ஏறுவேன்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"பொண்டாட்டிகிட்ட அவ்வளவு பயமாண்ணே?"

"சமைச்சுப் போடறவகிட்ட எல்லாருக்குமே பயம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டெல்மர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அவன் பேசிய மொத்தப் பேச்சும் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

லோவெலுக்கு டப்பா கிடைத்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. "அப்ப இதை நேரா போட்டுடலாமா அண்ணி?"

ஆர்லிஸ் அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன போட்டிருக்கே?"

"சாதா."

"அப்ப அடியிலேர்ந்து ஆரம்பி."

"நாளைக்கு சீசன் அண்ணி!"

"அப்படின்னா போட்டு வச்சிருக்கறதையே சுடு. இதை அலமாரில வச்சுப் பூட்டு."

வீட்டுக்குத் திரும்பினார்கள். வயல்களுக்கு அப்பால் மலைமேல் புதுப்பனி தெரிந்தது. டெல்மர் வண்டியை மெதுவாக ஓட்டினான், அடிக்கடி அந்தப் பக்கமே பார்த்தான். தப்பித்தோம் என்று ஆர்லிஸ் நினைத்தாள். பொறுமையில்லாமல்தான் வேண்டாம் என்றிருக்கிறான், வேறொன்றும் இல்லை, சீசன் முடியட்டும், அந்த இரண்டு டப்பாவையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி வறுத்திருந்தாள். போன வருஷம் எல்க் இல்லாததால் இந்த வருஷம் முழுக்க மாடுதான். டெல்மர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன் போல எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனான். ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. முன்வரிசை ஜாடிகள் நகர்ந்தன, அதற்குப் பின்னால் இருந்தவையும் நகர்ந்தன. ஒரு பீச் ஜாடியை எடுக்க இத்தனை நேரம் ஆகாது. ஆர்லிஸின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

திரும்பி வந்தவன் கையில் ஒரு பீட்ரூட் ஜாடி இருந்தது. அந்த இரண்டு டப்பாவையும் மறைத்துக்கொண்டிருந்த கடைசி வரிசை ஜாடி, தோளெல்லாம் தூசி. சட்டைக் கையால் துடைத்தான். மூடியைத் திருகினான், 'டப்' என்று திறந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயில் போட்டான். தாடை மெதுவாக அசைந்தது. முகம் கோணியது, இருந்தும் விழுங்கினான்.

"உனக்குத்தான் பிடிக்காதே" என்றாள் ஆர்லிஸ்.

"பிடிக்காதுதான்." இரண்டாவது துண்டையும் எடுத்தான். "அடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

அதையும் மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது, வினிகர் காரணமாக இருக்கலாம். மூன்றாவது துண்டைத் தட்டில் வைத்துவிட்டு மூச்சு விட்டான். ஆர்லிஸ் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவன் தட்டிலிருந்து அந்தத் துண்டைத் தன் முள்கரண்டியால் குத்தி எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.